மதீரா விருந்து

உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஐரோப்பியக் கடல்களில் சஞ்சரிக்கும் பெருங்கப்பல்களில் பசி என்பது உண்டாவதற்கே அவகாசம் கிடையாது. பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து மேல்தளத்தில் நடைபயிலும் முதியவர்களுக்காக ஒரு சிற்றுண்டி, நிதானமாக எழுபவர்களுக்காக இன்னொன்று, பத்து மணிக்குக் காபியோடு ஏதோ ஒன்று, நண்பகலில் பெரும் போஜனம், மாலையில் தேநீரும் கேக்கும், இரவில் ஐந்தாறு பதார்த்தங்கள் கிரமமாக வரும் விருந்து, அதற்குப் பின்னும் உறக்கம் வராதவர்களுக்காக நள்ளிரவில் ஒரு மேசை என்று, மனிதன் கடலைக் காண வந்தானா, அல்லது உண்பதற்கு இடையே சற்று இளைப்பாறிய சமயத்தில் கடல் அவன் கண்ணில் பட்டதா என்று ஐயுறும்படியாக அங்கே நித்திய வாழ்க்கை நடைபெறுகிறது. இத்தனை உணவுக்கு நடுவில் எதை உண்டோம், அது எப்படி ருசித்தது என்பது கரையிறங்கிய மறுநாளே மறந்துபோகிறது. அத்தகைய ஒரு பிரயாணத்தில் நான் உண்ட ஓர் இரவு உணவு மாத்திரம் இன்றளவும் என் ஞாபகத்தில் மங்காமல் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் சமையலின் சிறப்பு மட்டுமன்று. ஒயினும் உணவும் இணைத்துப் பரிமாறப்பட்ட அந்த மேசையில், மதுவை உதட்டிலும் வைக்காத ஒருவரே அதை மற்ற எல்லோரையும்விட நன்றாக அறிந்துகொண்டார் என்பதுதான்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போயிருந்தோம். வாய்க்காலும் மதகுமாகப் பொதுப்பணித் துறையில் ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழராக இருந்து, பிற்காலத்தில் மதுரையில் ரசாயனப் பேராசிரியராக விளங்கியவர். அதே விடுதியிலிருந்து வங்கி உத்தியோகத்துக்குப் போன மற்றொருவர். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த அவருடைய மனைவியார். இந்த அம்மையார் புலாலும் மதுவும் தீண்டாதவர் என்றாலும், பிறர் உண்பதைக் கண்டு முகம் சுளிக்கும் வழக்கம் இல்லாதவர். பேராசிரியரை ‘அண்ணா’ என்று அழைப்பார். அவரும் இவரைத் ‘தங்கச்சி’ என்பார். கப்பல் சாப்பாட்டை நம்பாமல் பருப்புப்பொடி, மாவடு, வயிற்றுக்கு ஒவ்வாமற் போனால் மோரில் விழுங்குவதற்கென்று ஒரு சிறிய டப்பாவில் வெந்தயம் ஆகியவற்றை அவர் கட்டிக்கொண்டு வந்திருந்ததை நாங்கள் முதல் நாள் பரிகாசம் செய்தோம். மூன்றாம் நாள் முதல் மாவடுவுக்காக அவருடைய அறைக் கதவைத் தட்டினோம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சேலம் ஜில்லாக்காரன். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமுலுக்கு வந்தது எங்கள் ஜில்லாவில்தான். ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி. நான் பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து என்றாலும், அந்த நாளை ஒரு பண்டிகையின் தேதியைச் சொல்வதுபோல் என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாராயம் என்றால் போலீஸ் சோதனை, குடத்தோடு ஓடும் ஆள், தெருமுனையில் அழும் பெண்பிள்ளை என்பதே எனக்குப் பால்யத்தில் படிந்த சித்திரம். பிற்காலத்தில் கடைகள் திறந்த பிறகு நம் ஊர்களில் கண்ட காட்சிகள் அந்தச் சித்திரத்தை அழிப்பதற்கு மாறாக ஆழப்படுத்தவே செய்தன. எனவே மதுபானத்தின் மகிமையைப் பாடுவதற்காக இதை எழுதுகிறேன் என்று எவரும் கருத வேண்டாம். அன்றிரவு எனக்கு வார்க்கப்பட்டது நான்கு சிறு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறுக்கு மேல் இல்லை.

கப்பல் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, தேகஸ் நதியின் முகத்துவாரத்தில் பெலெம் கோபுரத்தைக் கடந்து, தென்மேற்காக ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதீரா தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தை அடைந்தது. இடைப்பட்ட கடற்பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்லாண்டிக் தன் குணத்தைக் காட்டியது, நாங்கள் படுத்திருந்தோம்.

ஃபுன்ஷாலில் இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டவை மலைச்சரிவெங்கும் கல்லடுக்கிக் கட்டிய சிறு சிறு பாத்திகளும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் லெவாடா என்னும் வாய்க்கால்களுமே. மழை மிகுதியாகப் பெய்யும் வடபுறத்து மலைகளிலிருந்து வெயில் மிகுந்த தென்புறத்துச் சரிவுகளுக்கு, பாறையைக் குடைந்தும் செங்குத்தான மலை விளிம்பில் தொற்றிக்கொண்டும் வரும் இந்த வாய்க்கால்களின் மொத்த நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். வாட்டம் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நான் ஒரு வாய்க்காலின் கரையில் குனிந்து நின்றபோது, நண்பர்கள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இல்லாவிடில் அன்றைய பகல் முழுவதும் அங்கேயே கழிந்திருக்கும், இந்தக் கட்டுரையும் வேறு விஷயத்தைப் பற்றியதாக இருந்திருக்கும்.

அவர்கள் இழுத்துச் சென்ற இடம், நகரத்தின் நடுவே ஒரு காலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடமாக இருந்து பின்னர் ஒயின் பண்டசாலையாக மாறிய ஒரு பழைய கட்டடம். ஒயினை வைக்கும் இடம் என்றால் பூமிக்கடியில் குளிர்ந்த நிலவறையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களை அவர்கள் மர ஏணிப்படிகளின் வழியாக மேலே, மேலே, ஓட்டுக் கூரைக்கு நேர் கீழேயுள்ள மச்சுக்கு அழைத்துச் சென்றார்கள். கூரையின் உஷ்ணம் தலையில் இறங்கிற்று. அங்கே பருத்த உத்தரங்களின்மேல் வரிசையாகப் பீப்பாய்கள் கிடந்தன. அந்த உத்தரங்களுக்குக் காந்தெய்ரோ என்று பெயர், அதைக் கொண்டே அம்முறைக்கும் அப்பெயர் வந்தது. உலகத்தில் பெரும்பாலான ஒயின்களை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பாற்றுகிறார்கள். மதீரா ஒயினையோ அவற்றிடமே ஒப்படைத்து விடுகிறார்கள். உயர்ந்த ரகங்கள் இப்படி இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் பீப்பாயிலேயே கிடக்கின்றன. மலிவான ரகங்களைப் பெரிய தொட்டிகளில் இட்டு நாற்பத்தைந்து ஐம்பது டிகிரி சூட்டில் குறைந்தது மூன்று மாதம் வைத்துச் சீக்கிரமாக அதே குணத்தை வரவழைக்கப் பார்க்கிறார்கள், முழுதும் வருவதில்லை.

இந்த விசித்திர வழக்கத்தை அந்தத் தீவினருக்குக் கற்பித்தது கப்பல்தான். போர்ச்சுகீசிய மாலுமிகள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறிந்து குடியேறிய இத்தீவு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கீழ்த்திசைக்கும், அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்கும் போகிற மார்க்கங்கள் பிரியும் இடத்தில் இருந்ததால், அவ்வழிக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஒயினும் ஏற்றிக்கொள்ள இங்கே ஒதுங்கின. ஒயின் வழியில் புளித்துக் கெட்டுப் போகாதிருக்கத் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறிது கலந்து அனுப்பினார்கள். பீப்பாய்கள் கப்பலின் அடித்தளத்தில் உருண்டு குலுங்கி, பூமத்திய ரேகையின் வெக்கையில் வெந்து, சில சமயம் விலைபோகாமல் அதே வழியாக மறுபடியும் வெந்து திரும்பி வந்தன. கெட்டுப் போயிருக்கும் என்று திறந்து பார்த்த வியாபாரிகள், அனுப்பியதைவிட மேலானதொரு சரக்கு திரும்பி வந்திருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பின், இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாய் என்று சொன்னாலே விலை உயரும்படியான காலம் ஒன்று வந்தது. சரக்கை விற்பதற்காக அல்லாமல், சும்மா போய் வருவதற்காகவே அதைக் கப்பலேற்றிய வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இதன் காரணத்தைப் பேராசிரியர் அந்த மச்சிலேயே நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “சூடும் காற்றும் மற்ற ஒயினை எப்படியெல்லாம் கெடுக்குமோ அப்படியெல்லாம் இதை முன்கூட்டியே கெடுத்துவிட்டார்கள், இனிமேல் கெடுவதற்கு இதில் ஒன்றும் பாக்கி இல்லை.” திறந்த புட்டி சாதாரண ஒயினில் சில நாளைக்குத் தாங்கினால் அதிகம், மதீரா மாதக்கணக்கில் தாங்கும்.

வங்கி நண்பருக்குச் சங்க இலக்கியத்தில் ஈடுபாடு அதிகம். யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதாகப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருப்பதை அவர் எடுத்துக்கொண்டு, அந்தத் தேறலும் இவ்வாறே கடலில் வெந்து சிறப்படைந்திருக்குமோ என்று ஆரம்பித்தார். அவரை அவ்வளவில் நிறுத்தினோம். இரண்டாயிரம் வருஷம் பின்னால் போகவேண்டிய அவசியமே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த கும்பினிக் கப்பல்கள் ஃபுன்ஷாலில் நின்று இந்த ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு வந்தன. புனித ஜார்ஜ் கோட்டையின் துரைமார்கள் அந்த வெயிலில் விரும்பிக் குடித்தது இதைத்தான்.

அன்று மாலை கப்பல் ஃபுன்ஷாலை விட்டு நகரத் தொடங்கியபோது, பெரிய போஜன சாலைக்கு அப்பால் ஒதுக்கமாக இருந்த சிறு அறையில், தனிக் கட்டணம் செலுத்தி இடம்பெற்ற பன்னிரண்டு பேர் ஒரே நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோம். எங்கள் எதிரில் லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு முதியவரும் அவர் துணைவியும். அந்த முதியவர் கிண்ணத்தைப் பிடித்த பிடியிலேயே அவர் இதில் பழகியவர் என்பது தெரிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒயினைத் தேர்ந்தெடுத்து வார்க்கும் பரிசாரகரை சொமெலியர் என்று அழைக்கிறார்கள். எங்கள் சொமெலியர் முப்பது வயதுக்குள்ளான ஒரு பெண், அத்தீவிலுள்ள காமரா டி லோபோஸ் என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்தவர். 1950 ஜனவரியில் சர்ச்சில் நாற்காலி போட்டு அமர்ந்து ஓவியம் தீட்டிய துறை என்று அந்த ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லுகிறார்களே என்று நான் கேட்டதற்கு, “அவர் ஒரு பிற்பகல் இருந்தார், நாங்கள் நானூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறோம்” என்று அவர் புன்னகையோடு பதில் சொன்னார். தம் தீவை விட்டுப் புறப்படும் இரவில் தம் தீவின் ஒயினையும் தம் தீவின் உணவையும் மாத்திரமே பரிமாற அனுமதி கேட்டுப் பெற்றிருந்தார் அவர்.

முதலில் வந்தது செர்சியால் என்னும் திராட்சையில் செய்தது. மலையின் உயரமான, குளிர்ந்த பாகங்களில் தாமதமாகக் கனியும் இது, இனிப்பின் லவலேசமும் இன்றி நாக்கின் இரு ஓரங்களையும் ஒரே சமயத்தில் சுண்டி இழுத்தது. கூடவே உப்பிட்ட பாதாம் பருப்பும், பூண்டும் வெண்ணெயும் இட்டுச் சுட்ட பாறைச் சிப்பிகளும். அம்மையாருக்குச் சிப்பிக்குப் பதிலாக போலோ டோ காக்கோ என்னும் வட்ட ரொட்டி. பசியைத் தூண்டும் வேலையை அது செவ்வனே செய்தது என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

இரண்டாவது பதார்த்தத்தில்தான் எங்களுக்கு விவாதம் பிறந்தது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில், சூரியனைக் காணாத இருட்டில் வாழ்கிற எஸ்பாடா என்னும் கருநிறமான நீண்ட மீன் ஒன்றை அந்தத் தீவின் மீனவர்கள் இரவில் நெடுந்தூண்டில் இட்டுப் பிடிக்கிறார்கள். கண்கள் பெரியவை, பற்கள் பயங்கரமானவை. சந்தையில் அதைப் பார்த்தவன் உண்ண மனம் துணிய மாட்டான். ஆனால் அதன் சதை தூய வெள்ளை, வாயிலிட்டால் கரையும் மென்மை. அதைப் பொரித்து, அதன்மேல் பொரித்த வாழைப்பழத்தை வைத்துக் கொண்டுவந்தார்கள். மீனோடு வாழைப்பழமா என்று நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொமெலியர் வெர்டேல்யோ என்னும் ஒயினை வார்த்துவிட்டு, முதலில் மீனை மட்டும், பிறகு பழத்தோடு மீனை, பிறகு ஒரு மிடறு, அதன் பின் மறுபடி மீனும் பழமும் என்று உண்ணச் சொன்னார். மீனும் பழமும் சேர்ந்தபோது நாவில் கொழுப்பும் இனிப்பும் தேங்கின. அந்த ஒரு மிடற்றின் புளிப்பு இரண்டையும் பிரித்து விட்டது. மறுபடி உண்டபோது மீன் மீனாகவும் பழம் பழமாகவும் தனித்தனியே தெரிந்தன. கொழுப்பைப் புளிப்பு அறுக்க வேண்டும், உப்பு இனிப்பை உயர்த்த வேண்டும், கடைசியில் இனிப்புப் பண்டத்தோடு வரும் ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பில் குறைந்திருக்கக் கூடாது என்று, தம் வித்தையின் சூத்திரங்களை அவர் எங்களுக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

வங்கி நண்பர் உடனே நம் இலைச் சாப்பாட்டுக்காக வாதாட ஆரம்பித்தார். இதெல்லாம் நமக்குத் தெரியாதா, ரசத்துக்குப் பருப்புத் துவையலும் வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளமும் மோர் சாதத்துக்கு மாவடுவும் யார் சேர்த்தது என்றார். அம்மையார், “மோர் சாதத்துக்கு மாவடு ஏன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்கலையே, நாக்குதானே சொல்லித்து!” என்றார். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை என்று எனக்குத் தோன்றியது. நம்முடைய இலையில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து அமர்கிறது. எதை எதனோடு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கவளத்திலும் தீர்மானிக்கிறவன் உண்பவனே. கறியைத் தொட்டுக்கொள்வதும் பச்சடியில் தோய்ப்பதும் அவனுடைய சுதந்திரம். ஒரே பந்தியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர் உண்மையில் இரண்டு வெவ்வேறு விருந்துகளை உண்டுவிட்டு எழுகிறார்கள். ஐரோப்பிய மேசையிலோ அந்தத் தீர்மானத்தை வேறொருவர் முன்பே செய்துவிடுகிறார். உண்பவன் அதை நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லலாம், மாற்ற இயலாது. என் மனம் இலையின் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒரு சமயத்தில் ஒரே பண்டமும் ஒரே கிண்ணமுமாக முன்னால் வைத்து, இதைக் கவனி என்று ஒருவர் சொல்லும்போது, நம் பந்தியில் பரிமாறுபவரின் வேகத்துக்கு ஈடு கொடுத்து உண்ணும் அவசரத்தில் நாம் இழக்கிற சிரத்தை ஒன்று மீண்டும் கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதாகப் போவால் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மச்சில் கிடந்த சரக்கு. நிறம் கருஞ்சிவப்பும் பொன்னும் கலந்தது, கிண்ணத்தின் விளிம்பில் இளம்பச்சை ரேகை ஒன்று ஓடிற்று. அதற்குத் துணையாக அஸோர்ஸ் தீவுக்கூட்டத்து சாவோ ஜார்ஜ் பாலாடைக்கட்டியும், உலர்ந்த அத்திப்பழமும். லண்டன் முதியவர் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, அக்ரூட் என்றார், ஆரஞ்சுத் தோல் என்றார், காய்ச்சிய சர்க்கரை என்றார். பிறகு சற்றுத் தயங்கி, இவற்றுக்கெல்லாம் அடியில் கறிப்பொடியின் சாயல் ஒன்று இருக்கிறது என்றார். கறிப்பொடி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் நால்வருக்கும் அதில் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. நான் முகர்ந்தேன், இனிப்பான வாசனை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வங்கி நண்பர் முகர்ந்துவிட்டு, விளையாட்டாகக் கிண்ணத்தை மனைவியாரின் பக்கம் நீட்டினார்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிக் குனிந்து ஒரு முறை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முகர்ந்தார்.

“கறிப்பொடியா? கறிப்பொடியிலே பத்துச் சாமான் இருக்கும். இதிலே இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். வெந்தயம். பச்சை வெந்தயம் இல்லை, வாணலியிலே சிவக்க வறுத்தது.”

பேராசிரியர் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு கணம் பேசாமலிருந்துவிட்டு, “தங்கச்சி சொல்றது ரசாயன சாஸ்திரப்படி சரி” என்றார். வெந்தயத்துக்கு அதன் பிரத்தியேக வாசனையைத் தருவது சோட்டோலோன் என்னும் ஒரு பொருள். பீப்பாயில் பல ஆண்டுகள் காற்றோடும் சூட்டோடும் கிடக்கிற இனிப்பு மதீராவிலும் அதே பொருள்தான் உண்டாகி, ஆண்டு ஏற ஏறப் பெருகுகிறது. மிகச் சிறிய அளவில் அது காய்ச்சிய சர்க்கரையின் வாசனையாகத் தோன்றும், சற்று மிகுந்தால் வெந்தயமாகவே தெரியும் என்று அவர் விளக்கினார். லண்டன் முதியவர் காய்ச்சிய சர்க்கரை என்று ஒரு முறையும் கறிப்பொடி என்று ஒரு முறையும் சொன்னவை இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். கடைக் கறிப்பொடியில் வெந்தயம் சேர்கிறதே தவிர, அவருடைய சமையலறையில் அது தனியாக ஒரு டப்பாவில் இருந்ததில்லை. ஆகவே அவர் மூக்கு அறிந்ததற்கு அவரிடம் பெயர் இல்லை.

சொமெலியருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தம் பரீட்சைக்காக அந்த ரசாயனப் பெயரை உருப்போட்டிருப்பதாகவும், வெந்தயத்தைக் கண்ணால் கண்டதில்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான், நண்பர் தம் மனைவியாரின் வயிற்று மருந்து டப்பாவை எடுத்துவர அறைக்கு அனுப்பப்பட்டார்.

அவர் நீண்ட தாழ்வாரங்களில் வழி தவறித் திரும்பி வருவதற்குள், சொமெலியர் எங்களுக்கு நெப்போலியன் கதையைச் சொன்னார். வாட்டர்லூவில் தோற்று, 1815 ஆகஸ்டில் நார்தம்பர்லண்ட் என்னும் கப்பலில் சிறையாளியாக செயின்ட் ஹெலினாவுக்குப் போகும் வழியில் அவர் ஃபுன்ஷாலுக்கு வெளியே நின்றபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் கான்சல் ஹென்றி வீச் கப்பலுக்குச் சென்று பழங்களோடு 1792ஆம் வருஷத்து மதீரா ஒரு பீப்பாயும் அளித்தாராம். வயிற்று நோயினால் நெப்போலியன் அதைத் தொடவே இல்லையாம். அவர் இறந்த பிறகு பீப்பாய் தீவுக்கே திரும்பி வந்து, 1840இல் புட்டிகளில் அடைக்கப்பட்டதாம். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அத்தீவில் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்கிறார்கள்; சக்கரவர்த்தி குடியாமல் விட்டதால் ஒயினுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி இருக்கிறது.

டப்பா வந்தது. சொமெலியர் ஒரு சிட்டிகை வெந்தயத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அம்மையார் கூடவே எழுந்து போனார், கருக்கிவிடப் போகிறார்களே என்ற கவலையினால். சற்று நேரத்தில் இருவரும் ஒரு சிறு தட்டோடு திரும்பினார்கள். தட்டு மேசையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் தட்டை முகர்ந்து, கிண்ணத்தை முகர்ந்து, மறுபடியும் தட்டை முகர்ந்தோம். லண்டன் முதியவர் அதிக நேரம் தட்டை வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக இந்த ஒயினைக் குடித்து வருவதாகவும், இன்றுதான் அதன் முகத்தைப் பார்த்ததாகவும் சொல்லி, அம்மையாரை நோக்கித் தலை வணங்கினார். அதில் பரிகாசம் இல்லை. தம் வித்தைக்கு வெளியிலிருந்து வந்த அறிவை வாங்கிக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது, அது ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் அபூர்வம். அந்தப் பாலாடைக்கட்டியை நான் உண்டேனா, அது போவாலோடு இணங்கிற்றா என்பது எனக்கு இப்போது நினைவில்லை.

கடைசியில் மல்வாசியா. கிரீட் தீவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இத்திராட்சை, கடலை ஒட்டிய மிக உஷ்ணமான நிலங்களில் விளைவது. நான்கிலும் அதிக இனிப்பானது. அதனோடு போலோ டி மெல் என்னும் கறுத்த கேக்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டு வைத்தார்கள், அதுதான் மரபாம். கரும்புப்பாகும் லவங்கப்பட்டையும் கிராம்பும் சேர்ந்த இந்தப் பண்டத்தை, கிறிஸ்துமஸுக்காக டிசம்பர் 8ஆம் தேதி சுட்டு வைத்தால் அடுத்த டிசம்பர் வரையில் கெடாமல் இருக்கும் என்கிறார்கள். கெடாத ஒயினுக்குக் கெடாத கேக். ஒயினுக்கு முன்பு அந்தத் தீவின் செல்வம் கரும்பாகத்தான் இருந்தது. 1478இல் கொலம்பஸ் அங்கே முதலில் வந்ததே சர்க்கரை வாங்கத்தான். அந்தக் கரும்பை வெட்டியவர்களில் கானரித் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பலர் என்பதைச் சொமெலியர் கேக்கைப் பரிமாறும்போது தாமாகவே சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் அவரை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இந்தக் கேக் அம்மையாருக்குப் பிடித்தது. முட்டை சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, சுக்கு கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று அபிப்பிராயம் தெரிவித்தார்.

அன்று முதல் அந்தக் கப்பலில் அவருடைய அந்தஸ்து உயர்ந்துவிட்டது. இரவு உணவின்போது எங்கள் மேசைக்குப் புட்டி ஒன்று வந்தால், சொமெலியர் வழக்கப்படி அதை ஆர்டர் செய்த நண்பருக்கு ஒரு துளி வார்ப்பதற்கு முன், வேறொரு கிண்ணத்தில் ஒரு துளி வார்த்து அம்மையாரின் முன்னால் வைப்பார். அவர் முகர்ந்துவிட்டு, “உலர்ந்த திராட்சை”, “நாவல்பழத் தோல்”, “இதிலே ஒண்ணும் இல்லை, உங்க சிநேகிதர் குடிக்கலாம்” என்று தீர்ப்பு வழங்குவார். இதனால் நண்பரின் பானம் பாதியாகக் குறைந்தது. டெனரீஃப் தீவைக் கடந்து கப்பல் ஸ்பெயினின் காடிஸ் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஓர் இரவில், விலையுயர்ந்த சிவப்பு ஒயின் ஒன்றைப் பேராசிரியர் தம் பிறந்தநாளுக்காகத் தருவித்திருந்தார். அம்மையார் முகர்ந்த உடனேயே கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

“மழையிலே நனைஞ்ச கோணிச் சாக்கு. இதைக் குடிக்காதீங்கோ அண்ணா.”

சொமெலியர் முகர்ந்தார். அவர் முகம் மாறிற்று. தக்கையில் பூஞ்சணம் படிந்து உண்டாகும் ட்ரைகுளோரோஅனிசோல் என்னும் பொருள், லட்சங்கோடியில் சில பங்கு இருந்தாலே ஒரு புட்டியைக் கெடுத்துவிடும் என்று பேராசிரியர் எங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண் புட்டியை எடுத்துக்கொண்டு போய் வேறொன்று கொண்டுவந்து, இம்முறை நேராக அம்மையாரின் எதிரிலேயே தக்கையைப் பிடுங்கி, அதை ஒரு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார்.